அப்பாவுக்குக் கல் வைக்கும் முன்: கோயில் நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

தலைவர் மாமாவுக்கும் செயலாளர் சித்தப்பாவுக்கும் குழுவில் இருக்கும் மற்றப் பெரியவர்களுக்கும் வணக்கம்.

உங்களில் பாதிப் பேர் மடியில் உட்கார்ந்து கோயில் பொங்கல் தின்றவள் நான். பதவிப் பெயர் போட்டு எழுதக் கை வரவில்லை. ஆனால் இதை வீட்டுக் கடிதமாக எழுதிக் கொடுத்தால், "பாவம், துக்கத்தில் எழுதியிருக்கிறது பிள்ளை" என்று மடித்துச் சட்டைப்பையில் வைத்துவிடுவீர்கள். அதனால்தான் ஊரே படிக்கட்டும் என்று திறந்த மடலாக எழுதுகிறேன்.

அப்பாவின் பதினாறாம் நாள் காரியத்தன்று பந்தி முடிந்து வெற்றிலை போடும் நேரத்தில் இரண்டு விஷயம் பேசினீர்கள். கோயில் மண்டபத்தில் அவர் படத்தோடு ஒரு சலவைக்கல் பதிப்பது ஒன்று. அவர் பார்த்த வேலைகளை இனி மருமகன் எடுத்துச் செய்யட்டும் என்பது இன்னொன்று. "அந்தக் குடும்பத்துக்கு அது ரத்தத்தில் ஊறினது" என்று யாரோ சொன்னீர்கள். என் வீட்டுக்காரரும் தலையை ஆட்டிவிட்டார். அன்றைக்கு அவரிடம் யார் என்ன கேட்டிருந்தாலும் ஆட்டியிருப்பார், மூன்று நாளாகத் தூக்கம் கிடையாது. அந்தத் தலையாட்டலை நான் திருப்பி எடுத்துக்கொள்கிறேன்.

கல்லில் வெட்டுவதற்காக நீங்கள் எழுதி அனுப்பிய வாசகத்தையும் பார்த்தேன். "குடும்பத்தையும் சமூகத்தையும் இரு கண்களெனப் போற்றி வாழ்ந்த செம்மல்." நல்ல தமிழ்தான், குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் அந்த வீட்டில் பிறந்து வளர்ந்தவள் சொல்கிறேன், அந்த இரண்டு கண்ணும் ஒரே நேரத்தில் திறந்து நான் பார்த்ததில்லை. ஊரைப் பார்க்கும்போது வீட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். அது அவருக்கும் தெரியும், அம்மாவுக்கும் தெரியும்.

யாங்கோனில் எங்கள் தாம்வேப் பகுதியில் இளவட்டங்களுக்கு அவர் நோட்டையா. அதற்கு முன் நோட்டண்ணன், அதற்கும் முன் நோட்டுத் தம்பி. அடையாள அட்டையில் ஒரு பர்மியப் பெயர், கோயில் ரசீதில் ஒரு தமிழ்ப் பெயர். இரண்டையும் சொல்லிக் கேட்டால் தெருவில் யாருக்கும் எங்கள் வீடு தெரியாது. கல்லில் எந்தப் பெயரை வெட்டுவது என்று உங்களுக்குள் இன்னும் பேச்சு நடப்பதாகக் கேள்விப்பட்டேன். நடக்கட்டும். நோட்டையா என்று வெட்டினால் எனக்குச் சந்தோஷம்தான்.

அந்தப் பெயர் எப்படி வந்தது என்று சின்னப் பிள்ளைகளுக்குத் தெரியாது. 1962 மார்ச்சில் ராணுவத் தளபதி நே வின் பர்மாவில் ஆட்சியைப் பிடித்தார். அடுத்த இரண்டு வருஷத்துக்குள் வங்கி, ஆலை, கடை என்று ஒவ்வொன்றாக அரசாங்கம் எடுத்துக்கொண்டது. 1964 மே 17ஆம் தேதி 50 கியாட், 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். மொகல் தெருக் கிட்டங்கியில் எடுபிடியாகத் தொடங்கிய தாத்தா, 1942இல் ஜப்பான்காரர் குண்டுக்குப் பயந்து இந்தியாவுக்கு நடந்துபோன கூட்டத்தோடு புரோம் வரைக்கும் போய், முடியாமல் திரும்பி வந்தவர். "ஒரு தரம் நடந்தாயிற்று, இனி இந்த மண்ணிலேயே கிடக்கிறேன்" என்று சொல்லிவிட்டார். மற்றவர்கள் மூட்டை கட்டினார்கள். அப்பாவின் அண்ணனும் அவர்களில் ஒருவர். சென்னைக்கும் விசாகப்பட்டினத்துக்கும் கப்பல் கப்பலாக ஜனங்கள் போனார்கள். நகை, பணம் எதையும் இஷ்டப்படி எடுத்துப் போக முடியாது. வீட்டுச் சாமானைத் தூக்கிக்கொண்டு போக வழியே இல்லை.

அப்பாவுக்கு அப்போது 15 வயது. கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்று அன்றைய கோயில் கணக்குப்பிள்ளை அவரைப் பிடித்து மண்டபத்தில் உட்கார வைத்தார். கப்பல் ஏறுகிறவர்கள் சாமான்களைக் கொண்டுவந்து இறக்கிவிட்டு, "ஒரு வருஷத்தில் வந்துவிடுவோம் தம்பி, எழுதி வை" என்று சொல்லிப் போனார்கள். அவர் எழுதினார். அந்த முதல் நோட்டு இதை எழுதும்போது என் பக்கத்தில்தான் இருக்கிறது. ஓரமெல்லாம் கரையான் தின்றது போக எழுத்து அப்படியே இருக்கிறது. பித்தளை அண்டா 1, அடியில் ஒட்டு. சிங்கர் தையல் மிஷின் 1, கைப்பிடி இல்லை. ஆட்டுக்கல் 1, குழவியோடு. ஆர்மோனியம் 1, இரண்டு கட்டை ஊமை. ஒவ்வொன்றுக்கும் எதிரில் பெயர், ஊர், கப்பல் ஏறிய தேதி.

ஒரு வருஷம் போனது, பத்து வருஷம் போனது, யாரும் வரவில்லை. 1996இல் சுற்றுலாக்காரர்களை வா வா என்று கூப்பிட்ட சமயம், சென்னையிலிருந்து ஒருவர் வந்தார். பர்மா பஜாரில் கடை வைத்து முன்னுக்கு வந்தவர். சாமி கும்பிட்டுவிட்டுப் பேச்சுவாக்கில், "இங்கே ஒரு குத்துவிளக்கு விட்டுட்டு வந்தேன்னு எங்கம்மா சாகும் வரைக்கும் சொல்லிக்கொண்டே இருந்தாள்" என்றார். அப்பா பதில் ஒன்றும் சொல்லாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். நோட்டை எடுத்துக்கொண்டு திரும்பினார். ஒன்பதாம் பக்கம். குத்துவிளக்கு 1 ஜோடி, ஒன்றில் அன்னம் மூக்கு உடைந்தது. கோயில் பின்கட்டுப் பரணில் ஏறி இரண்டையும் இறக்கினார்கள். புளி போட்டுத் தேய்த்துக் கொடுத்தது அம்மா. அந்த மனிதர் உடைந்த மூக்கை விரலால் தடவித் தடவிப் பார்த்துவிட்டு அழுதார்.

விளக்கை அவர் கொண்டுபோகவில்லை, கோயிலுக்கே கொடுத்துவிட்டுப் போனார். இன்றைக்கும் அம்மன் சந்நிதியில் வலது பக்கம் எரிவது அந்த மூக்கில்லாத அன்னம்தான். அப்பா அதே ஒன்பதாம் பக்கத்தில் தேதி போட்டு, "உரியவரிடம் கொடுத்தாயிற்று. உபயமாகத் திரும்ப வந்தது" என்று எழுதி அவரிடம் கையெழுத்தும் வாங்கியிருக்கிறார். அழுகிற மனுஷனிடம் கையெழுத்து வாங்கத் தோன்றியது பாருங்கள். இந்தக் கதையை நீங்கள் எல்லாரும் மேடையில் சொல்லியிருக்கிறீர்கள், கையெழுத்தை மட்டும் விட்டுவிடுகிறீர்கள். எனக்கு அதுதான் அப்பா.

இப்போது மேடையில் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன்.

1987 செப்டம்பர் 5, சனிக்கிழமை. எனக்கு எட்டு வயது. 25, 35, 75 கியாட் நோட்டுகள் அந்த நிமிஷத்திலிருந்து செல்லாது என்று அறிவிப்பு வந்தது. மாற்றித் தருகிற பேச்சே இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன்தான் 20, 50, 100 எல்லாம் செல்லாமல் போயிருந்தன, அதனால் ஊரில் புழங்கிய பெரிய நோட்டு என்றாலே 75தான். நவராத்திரிக்கு வீடு வீடாக வசூலித்த பணம் எங்கள் வீட்டு அரிசிப் பானைக்குள் ஒரு துணிப்பையில் இருந்தது. அப்பா அதைப் பாயில் கொட்டி, செல்லாததை ஒரு பக்கம், செல்லுகிறதை ஒரு பக்கம் என்று பிரித்தார். ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் பத்து ரூபாய் ஒற்றை ரூபாயாக ஒரு கைப்பிடி. (கியாட்டை நாங்கள் வீட்டில் ரூபாய் என்றுதான் சொல்வோம்.)

யாரும் அப்பாவைக் குற்றம் சொல்லியிருக்க மாட்டார்கள். ஊரில் எல்லார் பணமும்தான் காகிதமாகப் போனது. அந்த வருஷம் நவராத்திரியைச் சுண்டலோடு முடித்திருக்கலாம். ஆனால் என் பொறுப்பில் இருந்தபோது போன பணம் என்றார் அவர். கூட்டுறவுக் கடையில் எழுத்தர் வேலை, சம்பளம் வாங்கின அன்றைக்கே தீர்ந்துவிடும். அம்மா ஒன்றும் பேசவில்லை. அடுப்படிக்குப் போய்க் கையில் சோப்பு போட்டு வளையலைக் கழற்றிக்கொண்டு வந்து பாயில் வைத்தாள். இரண்டு வளையல், அவள் அப்பா போட்டது.

ஒன்பது நாளும் நவராத்திரி நடந்தது. உங்களில் சிலர் பத்தாம் நாள் அம்பு போட்டீர்கள். அந்த மாதமே 45, 90 என்று புது நோட்டு வந்தது, எல்லாம் ஒன்பதால் வகுபடுகிற கணக்கு. நவராத்திரிக்கு ஏற்ற நோட்டுதான் என்று யாரோ சிரித்ததாக ஞாபகம்.

நான்காம் நோட்டில் அந்தக் கணக்கு இருக்கிறது. போன வாரம்தான் முதல் தடவையாகப் பார்த்தேன். வரவுப் பக்கத்தில், எண்ணெய்க் கடைக்காரர் உபயம், பூக்காரம்மா உபயம் என்று பெயர்களுக்கு நடுவில் ஒரு வரி: "வீட்டில், வளையல் 2." அவ்வளவுதான். நம் ஆண்கள் மனைவியை வீட்டில் என்றுதான் எழுதுவார்கள், அது மரியாதை என்றும் சொல்வார்கள், எனக்குத் தெரியும். ஆனால் 14 நோட்டில் ஆயிரக்கணக்கான பெயர்கள். அந்த ஆர்மோனியத்துக்குக்கூட ஒரு சொந்தக்காரர் பெயர் இருக்கிறது. அம்மாவின் பெயர் ஓர் இடத்திலும் இல்லை. தேடிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

சாவுக் கணக்கு மட்டும் ஐந்து நோட்டு. நம்மவர் வீட்டில் உயிர் போனால் முதலில் தட்டப்படுவது எங்கள் கதவு. டாக்டர் சான்று, வட்டார அலுவலகக் கடிதம், யேவே சுடுகாட்டில் நேரம் வாங்குவது, மூங்கில், மாலை, கோடித்துணி, வாய்க்கரிசி, அப்புறம் வண்டி. 2001இல் இலவச இறுதிச்சடங்குச் சேவைச் சங்கம் ஆரம்பிக்கும் வரை யாங்கோனில் சவ வண்டிக்குக் காசு புரட்டுவதே பெரும்பாடு. சங்கம் வந்த பிறகும் "எந்தப் பிணத்தையோ ஏற்றின வண்டியில் எங்கள் அம்மாவை ஏற்றுவதா" என்று முறைக்கிற வீடுகள் இருந்தன. அவர்களைத் திண்ணையில் உட்கார வைத்துப் பேசிச் சரிக்கட்டுவது அப்பா. உள்ளே போய் அழுகிற பெண்களோடு மூன்று ராத்திரி உட்காருவது அம்மா. அதற்கு நோட்டு கிடையாது.

அக்கா நிச்சயதார்த்தம் உங்களுக்கு மறந்திருக்கும். காலை பத்தரைக்கு முகூர்த்தம், ஏழு மணிக்குக் கதவு தட்டப்பட்டது. அரிசி ஆலையில் கூலி வேலை பார்த்த ஒரு கிழவர், நாதியில்லாதவர். இரண்டு மணி நேரத்தில் வந்துவிடுகிறேன் என்று போனார். வந்தார்தான். ஆனால் கொள்ளி வைக்க ஆள் இல்லை என்று அவரே வைத்துவிட்டு வந்திருந்தார். தீட்டோடு மங்கல காரியத்தில் எப்படி நிற்பது? வாசலில் சாக்கடையை ஒட்டி ஈர வேட்டியோடு நின்றுகொண்டார். தட்டு மாற்றியது என் தாய்மாமா. மாப்பிள்ளை வீட்டார் முகம் போன போக்கைப் பார்த்து அக்கா நிமிரவே இல்லை. எல்லாரும் சாப்பிட்டு முடித்த பிறகு ஒரு இலையை வெளியே கொண்டுபோய்க் கொடுத்தேன். நின்றுகொண்டே சாப்பிட்டார். "பாயசத்தில் ஏலக்காய் கொஞ்சம் தூக்கல்" என்றார்.

அந்தக் கிழவர் பெயர் நோட்டில் இருக்கிறது. கொள்ளி வைத்தவர் என்கிற இடத்தில் "நான்" என்று எழுதியிருக்கிறார்.

அவர் செய்தது தப்பு என்று சொல்ல வரவில்லை. அன்றைக்கு அவரைத் தேடி வந்தவர் வழியில் எத்தனை வீட்டைத் தாண்டி வந்தார் என்று யோசித்துப் பார்க்கச் சொல்கிறேன். நான் எண்ணியிருக்கிறேன். கோயிலிலிருந்து எங்கள் வீட்டுக்குள் நம்மவர் வீடு 19. அந்த 19 வீட்டிலும் ஆம்பிளைகள் இருந்தார்கள். நோட்டண்ணன் இருக்கும்போது நமக்கென்ன என்று இருந்தார்கள், இருந்தோம்.

அட்டைக் கதையும் அப்படித்தான். 1982 குடியுரிமைச் சட்டம் வந்த பிறகு நம் ஜனங்கள் பட்ட பாட்டை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரே சட்டத்தில் மூன்று விதமான குடிமக்கள். இளஞ்சிவப்பு அட்டை, நீல அட்டை, பச்சை அட்டை. தாத்தா எப்போது வந்தார், அப்பா எங்கே பிறந்தார், அதற்குக் காகிதம் எங்கே? 1942இல் ஓடினபோது பாதி போனது, 64இல் மீதி போனது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கோயில் தாழ்வாரத்தில் அப்பா மனு எழுத உட்கார்ந்தால் விளக்கு வைத்தும் வரிசை தீராது. பர்மிய எழுத்து தெரியாத கிழவிகள்தான் நிறைய. கோயில் கல்யாணப் பதிவு, பள்ளிக்கூடச் சான்று, பழைய ஜாதகம், குடும்பப் பட்டியல் என்று ஒவ்வொன்றாகக் கோத்து, ஊசி நூல் போட்டுத் தைத்துக் கொடுப்பார். குண்டூசி துருப்பிடித்துக் காகிதத்தைத் தின்றுவிடுமாம்.

அப்படி 300க்கும் மேல் மனு எழுதினவர் வீட்டில் என் தம்பியின் மனு பதினோரு வருஷம் கிடந்தது. எந்த அலுவலகத்தில் கிடந்தது என்று இங்கே எழுதவில்லை. பத்தாம் வகுப்பில் அவன் வாங்கிய மார்க்குக்கு என்ன படிப்பு கிடைத்திருக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். ஊர்ப் பிள்ளைகள் மனுவோடு என் மகன் மனுவையும் நீட்டினால் சொந்தக் காரியம் பார்க்கிறான் என்று ஆகிவிடும் என்று அப்பா அதைத் தனியாக, கடைசியாக, தயங்கித் தயங்கித்தான் கேட்பார். தம்பி மலேசியாவுக்குப் போனான். காரியத்துக்கு வர அவனால் முடியவில்லை, கொள்ளி வைத்தது மருமகன். அதைப் பார்த்துத்தான் "மருமகனே எடுத்துச் செய்யட்டும்" என்ற யோசனை உங்களுக்கு வந்திருக்க வேண்டும்.

நல்லதும் இருந்தது, ஏன் இல்லை. 1988க்குப் பிறகு பருப்பு வியாபாரத்தைத் தனியாருக்குத் திறந்துவிட்டார்கள். அப்பா கூட்டுறவுக் கடையை விட்டு ஒரு பருப்புத் தரகுக் கடையில் கணக்கெழுதப் போனார். அப்போதிருந்து எங்கள் வீட்டு உளுந்து எல்லாம் மாதிரிப் பொட்டலம்தான். வாங்குகிறவர்களுக்குக் காட்டக் கட்டி வைத்த பொட்டலங்களில் மீந்ததைக் கொண்டுவருவார். பர்மியர் மட்பே என்கிற அதே உளுந்துதான், மோனிவாப் பக்கத்துச் சரக்கு, பெகுப் பக்கத்துச் சரக்கு என்று ஐந்தாறு தினுசு. அம்மா எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டி ஊற வைத்து வடை சுடுவாள். ராத்திரி தரகுச் சீட்டின் பின்பக்கத்தில் எனக்கு எழுத்து சொல்லிக் கொடுப்பார். விஸ் என்று பர்மாக்காரர் எடை போடுகிறார்களே, அது நம் வீசைதான், அவர்கள் நம்மிடம் எடுத்தது என்று சொல்லும்போது குரலில் ஒரு பெருமை வரும். "ழ" எழுதும்போது என் கையைப் பிடித்து அந்த வாலை இழுத்துவிடுவார். இன்றைக்கு நான் தமிழ் சொல்லிக் கொடுத்துப் பிழைக்கிறேன் என்றால் அந்தச் சீட்டுகள்தான் காரணம். பள்ளிக்கூடங்களை அரசாங்கம் எடுத்துக்கொண்ட காலத்திலேயே படிப்பு நின்றுபோன மனிதர் அவர். தன் தமிழை வரவு செலவு எழுதியே வளர்த்துக்கொண்டார்.

2017இல் பருப்பு இறக்குமதிக்கு இந்தியா அளவு கட்டியது, துவரைக்கு 2 லட்சம் டன், உளுந்தும் பாசிப்பயறும் சேர்த்து 3 லட்சம் டன் என்று. இங்கே விலை விழுந்தது. தரகுக் கடை ஆள் குறைத்தது. 68 வயதில் அப்பா வீட்டுக்கு வந்தார். இனியாவது வீட்டில் இருப்பார் என்று அம்மா நினைத்தாள்.

நர்கிஸ் புயலை நீங்கள் எல்லாரும் கூட இருந்து பார்த்தீர்கள், நீட்டவில்லை. 2008 மே 3 காலையில் கோயில் தகரக் கூரை எதிர்த் தெருவில் கிடந்தது. அன்னதான அண்டாவைத் தெருவுக்குத் தூக்கி வந்து கஞ்சி காய்ச்சினார்கள். தமிழன், பர்மியன், முஸ்லிம் எல்லாரும் ஒரே வரிசை. அண்டா எது என்று நோட்டைப் பார்த்தேன். 64இல் விட்டுப்போன அதே பித்தளை அண்டா, அடியில் ஒட்டு போட்டது. இரவல் என்று குறித்து, அப்புறம் "திரும்பி வந்தது, கரி பிடித்தது" என்று எழுதியிருக்கிறார்.

2021 ஜூலையில் கொரோனா அலையில் ஆக்சிஜன் சிலிண்டருக்கு ஊரே வரிசையில் நின்றபோது 72 வயது மனுஷனை நாங்கள் வெளியே விடவில்லை. அவர் வாழ்க்கையில் வீட்டுக்குள் அடைபட்டு இருந்த மாதம் அது ஒன்றுதான். போனில் சொல்லச் சொல்ல நோட்டில் பெயர் எழுதிக்கொண்டே இருந்தார். பக்கம் போதாமல் தாள் ஒட்டியிருக்கிறார்.

கடைசி வரி 2025 ஏப்ரலில். மார்ச் 28ஆம் தேதி பூகம்பத்தில் மண்டலேயும் சகாய்ங்கும் இடிந்தபோது வசூலித்தது. அரிசி 12 மூட்டை, உப்பு, தீப்பெட்டி, பெண்களுக்கான துணி. கை நடுங்கியிருக்கிறது, எழுத்து முத்தாக இல்லை.

சரி, இப்போது என்ன கேட்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன். கல் வேண்டாம் என்று சொல்லவில்லை. வைக்க ஆசைப்பட்டால் வையுங்கள். ஆனால் நோட்டையா மாதிரி இன்னொரு ஆளைத் தேடாதீர்கள், எங்கள் வீட்டில் கண்டிப்பாகத் தேடாதீர்கள். ஒரு ஆள் அம்பது வருஷம் தனியாக எப்படிச் செய்தார் என்று பதினாறாம் நாளன்று எல்லாரும் வியந்தீர்கள். ஏன் தனியாகச் செய்தார் என்று ஒருவரும் கேட்கவில்லை. அப்பாவையும் இதில் விட்டுவிட மாட்டேன். கொடு, நான் பார்க்கிறேன் என்று மற்றவர்கள் கையிலிருந்து பிடுங்கிச் செய்கிற குணமும் அவருக்கு உண்டு. ஒரு தடவை செயலாளர் சித்தப்பா எழுதின ரசீதை அடித்துவிட்டு மறுபடி எழுதி, அதில் நீங்கள் ஆறு மாசம் பேசாமல் இருந்தது எனக்குத் தெரியும்.

வேலையைப் பிரியுங்கள். சாவுக்குத் தட்டுகிற கதவு மாதம் ஒரு வீடாக மாறட்டும். அந்த மாதம் எந்த வீடு என்று கோயில் பலகையில் எழுதிப் போட்டால் போதும். அந்த 19 வீட்டில் 12 வீடு சம்மதித்தாலே ஒரு வருஷம் ஓடிவிடும். எங்கள் வீடும் அதில் ஒன்றாக இருக்கும், ஒரு மாதம், அதற்கு மேல் இல்லை. மனு எழுத என்னிடம் படித்த இரண்டு பெண்கள் தயாராக இருக்கிறார்கள், பர்மியமும் தமிழும் இரண்டும் சரளம். தாழ்வாரத்தில் ஒரு மேஜையும் விளக்கும் போட்டுக் கொடுங்கள், கரண்ட் போனால் எரிகிற பேட்டரி விளக்காக. ஆனால் பெண் பிள்ளைகள் அங்கே உட்காரலாமா என்று கூட்டம் போட்டு மூன்று மாதம் பேசாதீர்கள். இத்தனை வருஷத்தில் நிர்வாகக் குழுவில் ஒரு பெண்கூட இருந்ததில்லை என்பதை நோட்டைப் பார்க்காமலே சொல்லலாம்.

கல்லுக்கு ஒதுக்கிய பணத்தில் பாதியை எடுத்து நோட்டுகளைப் படம் பிடித்து வைப்பதற்குச் செலவழிக்க வேண்டும் என்பது அடுத்தது. அதில் இருக்கும் பிறப்பும் சாவும் கல்யாணமும் வேறு எந்த அலுவலகத்திலும் இல்லை. நாளைக்கு யாரோ ஒரு பேரப்பிள்ளை அட்டை மனுவுக்கு ஆதாரம் தேடி வரும்போது கல் உதவாது, ஆறாம் நோட்டு உதவும். கரையான் ஏற்கெனவே முதல் நோட்டில் இருக்கிறது, நான் வேப்பிலை போட்டு வைத்திருக்கிறேன்.

அப்புறம் அம்மாவின் பெயர். கல் வைத்தால் இரண்டு பெயராக வையுங்கள். "துணைவியார்" என்று கீழே சின்ன எழுத்தில் வேண்டாம். பக்கத்தில், அதே அளவில். அம்மாவிடம் கேட்டேன். "எனக்கெதற்கு, நான் என்ன செய்தேன்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "வளையலை எழுதியிருக்கிறாரா?" என்று கேட்டாள். எழுதியிருக்கிறார் என்றேன். எடுத்துக் காட்டச் சொன்னாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. அந்த வரி எது என்று மட்டும் விரலை வைத்துக் காட்டினேன், ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நோட்டுகளை யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம், கொண்டுபோக முடியாது. ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணிக்கு மேல் வீட்டில் இருப்போம். முதல் நோட்டில் உங்கள் தாத்தா பாட்டி விட்டுப்போன சாமான் ஏதாவது இருந்தால் பக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆட்டுக்கல் இன்னும் பின்கட்டில்தான் கிடக்கிறது, ஆர்மோனியம்தான் நர்கிஸில் நனைந்துபோனது. மணியை அழுத்த வேண்டாம், அந்த நேரத்தில் கரண்ட் இருக்காது. கதவைத் தட்டுங்கள், அம்மா வந்து திறப்பாள்.

இப்படிக்கு,
நோட்டையாவின் இளைய மகள்
தாம்வே, யாங்கோன்